கிணத்துத் தெருவுல முடிஞ்ச தும்மல்

நம்புறவங்க நம்பலாம், நம்பாதவங்க தாங்க யார்கூடப் பேச்சுவார்த்தை இல்லாம இருக்காங்களோ அவங்ககிட்டயே போய்க் கேட்டுக்கலாம்: பனையடிப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல கோமதி டிஜிட்டல்னு ஒரு ஃபிளக்ஸ் கடை, அந்தக் கடையில ஒரு கம்ப்யூட்டர், அந்தக் கம்ப்யூட்டருக்கு வயசு பதினாலு, கம்ப்யூட்டர் கணக்குல பதினாலுங்கிறது மனுஷக் கணக்குல வாயில பால் ஊத்த ஆளுங்க வரிசையில நிக்கிற வயசு, ஆனா அது சாகல, ஏன்னா கடையைப் பாத்துக்கிற செல்லக்கனி அதைச் சாக விடல. மூணு வயசுப் பிள்ளையா மதுரையில ஒரு ஸ்டுடியோக்காரர்கிட்ட இருந்து அவ அப்பா கோமதிநாயகம் வாங்கி, பஸ்ல மடியில வச்சே கொண்டுவந்தது. அதுலதான் அவ ஊர்ல காது குத்துனவங்க, சடங்கானவங்க, எலெக்‌ஷன்ல தோத்தவங்க, செத்தவங்க எல்லாரையும் ஃபிளக்ஸ்ல ஏத்துனா. ஆயுசு பூரா சட்டையே போடாம வயக்காட்டுல கிடந்த மனுஷனுக்குக்கூட கழுத்துக்குக் கீழ கோட்டு சூட்டு மாட்டித்தான் மேல அனுப்பி வச்சா.

கொடைக்கு இன்னும் பத்து நாள்தான். கோயில் கொடைத் திருவிழான்னு வந்தா ஊர்ல தெருவுக்கு முப்பது பேனர், எல்லாவன் மூஞ்சியும் கனி போனுக்குத்தான் வரும், போன்ல இருந்து கம்ப்யூட்டருக்குப் போற வயரோ ரப்பர் பேண்டு போட்டுப் பிடிச்சாத்தான் உசுரோட இருக்கும். போன் புதுசு. அதுல ஒரு வித்தை இருக்காம்: போன்ல காப்பி பண்ணா கம்ப்யூட்டர்ல பேஸ்ட் பண்ணலாமாம், இதுல பாதியில விட்ட வேலைய அதுல மீதியத் தொடரலாமாம், வயரே வேண்டாமாம், எல்லாம் காத்துலயே போயிருமாம். கம்ப்யூட்டர்கிட்டக் கேட்டா அது முடியாதுன்னுடுச்சு.

அதான் தென்காசியில இருந்து மைதீன் பாய் வந்தாரு. வாயைத் திறந்தா மூடாத மனுஷன், கம்ப்யூட்டரைத் திறந்தாலும் அப்படித்தான். பிஸ்கட் கணக்கா ஒரு கார்டை உள்ள இருந்து பிடுங்கி, வேற ஒண்ணை மாட்டி, திருப்பிப் பூட்டி, கீபோர்டைத் தட்டிப் பாத்துட்டுச் சொன்னாரு:

"தங்கச்சி, மிஷின்ல ஒரு கோளாறும் இல்ல. உள்ள ஒரு பட்டியல் இருக்கு. இன்னின்ன பழைய மாடலோட யாரும் சேரக்கூடாதுன்னு எழுதிப் போட்டுருக்கான். இதுக்குச் சக்தி இல்லாம இல்ல, ஒதுக்கி வச்சிருக்காங்க."

பனையடிப்பட்டியில அந்த வார்த்தைக்கு யாரும் அர்த்தம் சொல்லித் தர வேண்டியதில்ல. பன்னெண்டு வருஷத்துக்கு முன்னால அவ அக்கா சந்தனமாரி, ஆட்டோ ஓட்டுற ஜெயசிங்கைக் கட்டிக்கிட்டா; ஜெயசிங் வேற ஆளுங்க; அன்னைக்கே கனியோட சித்தப்பா ஆவுடையப்பன் தலைமையில ஊர் கூடி, அவங்க குடியேறுன கிணத்துத் தெரு வீட்டுக்கு நல்லது கெட்டதுக்கு யாரும் போகக்கூடாது, தண்ணி நெருப்பு குடுக்கக்கூடாது, மூஞ்சியில முழிக்கக்கூடாதுன்னு முடிவு பண்ணுச்சு. மறுவருஷமே கோமதிநாயகம் பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல உக்காந்தவாக்குல செத்துப்போனாரு. "நான் அந்த வழியாப் போனேன், அண்ணேன்னு கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல, அந்தப் புள்ள குடுத்த மனக்குமைச்சல் அவரை அப்படி ஆக்கிருச்சு"ன்னு சித்தப்பா இன்னைக்கு வரைக்கும் ஊருக்குச் சொல்லிக்கிட்டுத் திரியுறாரு. கனிக்கு அன்னைக்குப் பாத்ததுல மறக்காத ஒண்ணு, அப்பா கால்ல செருப்பு. இடது கால் செருப்பு வலதுலயும் வலது கால் செருப்பு இடதுலயும் கிடந்துச்சு. அப்பா அப்படி மாட்டுற ஆளில்ல.

அந்தக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான் இந்தக் கம்ப்யூட்டர்ல அவ செஞ்ச மொத வேலை. வருத்தத்துடன்னு போட்டு மகள்கள்னு அடிச்சா, சித்தப்பா தோளுக்குப் பின்னால நின்னு "கள் வேண்டாம், மகள் போதும்"னாரு. கனி அழிச்சா. பொணத்தை எடுத்துட்டுப் போனப்பறம் அக்கா தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர்கிட்ட நின்னு "ஏட்டி கனி, அப்பா பஸ் ஸ்டாண்டுல..."ன்னு என்னமோ கத்த ஆரம்பிச்சா. கனி உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. அதோட சரி. மூணு தெருதான் தூரம், பதினோரு வருஷமா ஒரு வார்த்தை கிடையாது.

"உன் மாடல் பேரை மட்டும் அழிக்கணும்," மைதீன் பாய் மூக்குக்கண்ணாடியத் துடைச்சுக்கிட்டே சொன்னாரு, "ஆனா இது என்ன, வோட்டர் லிஸ்ட் கணக்கா நீண்டுக்கிட்டே போகுது. ஒரு பேருக்காக எவன் தேடுவான்? பட்டியலையே தூக்கிருவோம். பயப்படாத, ஒரு காப்பி பென்டிரைவ்ல வச்சிருக்கேன்."

பட்டியல் போச்சு. கம்ப்யூட்டர் ஒரு தரம் அணைஞ்சு எந்திரிச்சுது. போன்ல ஒரு பச்சைக் கோடு ஓட ஆரம்பிச்சுது. "புதுசு மொதல்ல வரும், பழசெல்லாம் மெதுவாத்தான் ஏறும், ஒரு வாரம் ஆகும்"னாரு பாய். கனிக்கு உள்ள இருந்த தூசியெல்லாம் மூக்குல ஏறுச்சு. ஹா... ஹா...ன்னு தலையைப் பின்னால சாய்ச்சா. தும்முனா நூறு ஆயுசுன்னு வாழ்த்தணுமே, பாய் நூறுன்னு சொல்ல வாயைத் திறந்தாரு. ச்சூ வரவேயில்ல. மூக்கு காலியா இருந்துச்சு, அரிப்புகூட இல்ல.

"என்ன தங்கச்சி, பாதி தும்மலுக்கு அம்பதுன்னா சொல்றது?"

அந்த நேரத்துல கிணத்துத் தெருவுல சந்தனமாரி, சும்மா செவனேன்னு சட்டி தேச்சுக்கிட்டு இருந்தவ, முன்னோட்டமே இல்லாம ஒரு ச்சூ போட்டா பாருங்க, கையில இருந்த சட்டி பறந்து விழ, பக்கத்து வீட்டுக் கோழி முட்டையிடாமலே எந்திரிச்சு ஓடிருச்சு. பூக்காரி பேச்சியம்மா அதைப் பாத்துட்டு, கூடையோட கனி கடைக்கு வந்து, "ஒங்கக்கா தும்முனா, ஆனா ஆரம்பம் இல்ல"ன்னு சொன்னப்போ கனி தன் மூக்கைத் தொட்டுப் பாத்தா. அவகிட்ட ஆரம்பம் மட்டும் இருந்துச்சே.

சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே புரிஞ்சுபோச்சு. பனையடிப்பட்டியில யார் எதை ஆரம்பிச்சாலும், அவங்களுக்கு யார்கூடப் பேச்சுவார்த்தை இல்லையோ, அவங்ககிட்டப் போய் அது முடிஞ்சுது. டீக்கடை எசக்கிமுத்து ஒரு டீயைப் பாதி உறிஞ்சினாரு, மீதி டீ கிளாஸ்ல குறைஞ்சுது, ஆனா அவர் தொண்டையில இறங்கல; வரப்புத் தகராறுல எட்டு வருஷமா மூஞ்சி பாக்காத அவர் தம்பி, சக்கரை வியாதிக்காரன், மேலத் தெருவுல உக்காந்து "எவன்லே என் வாயில சீனி போட்டது"ன்னு அலறுனான். கீழத் தெரு மருமக எண்ணெய்ல கடுகு போட்டா, பொரியல; தனிக்குடித்தனம் போன மாமியார் வீட்டுல அடுப்பே பத்த வைக்காத சட்டியில பட்பட்டுன்னு பொரிஞ்சுது. சலூன்ல உக்காந்து குத்தாலிங்கம் ஒரு கன்னம் செரைச்சுக்கிட்டாரு, மறு கன்னத்துல கத்தி போகுது, முடி போகல. அவரோட சகலை திருச்செந்தூருக்கு நேந்து ரெண்டு வருஷமா வளத்த தாடி, இடது பக்கம் மட்டும் மடியில வந்து விழுந்துச்சு. சகலை அதைக் கையில அள்ளிக்கிட்டு முருகா, முருகான்னு தெருவுல ஓடுனதைப் பாத்து சிரிக்க ஆரம்பிச்சவங்களுக்கெல்லாம் சிரிப்பு பாதியில போய், அது அவங்கவங்க எதிரி வீட்டுல கேட்டுச்சு.

இதுல பெரிய அதிர்ச்சி ஆறுமுகம் வாத்தியார் வீட்டுலதான். "எனக்கு இந்த ஊர்ல ஒரு விரோதியும் கிடையாது"ன்னு மேடைக்கு மேடை பேசுற மனுஷன். அவர் கொட்டாவி விட ஆரம்பிச்சா அது அதே வீட்டு அடுக்களையில அவர் சம்சாரம் வாயில முடிஞ்சுது. ஒரே கூரைக்குக் கீழ ஒம்பது வருஷமாப் பேசிக்கிறதில்லைன்னு அன்னைக்குத்தான் ஊருக்குத் தெரிஞ்சுது. ரெண்டு பேரும் வாசல்ல நின்னு ஊரைப் பாத்தாங்க, ஊர் ரெண்டு பேரையும் பாத்துச்சு.

ஆனா பனையடிப்பட்டி ஆளுங்க அதிர்ச்சியக்கூட ரெண்டு நாளைக்கு மேல வச்சிருக்க மாட்டாங்க, மூணாம் நாள் அதுக்கு ஒரு வழி பண்ணிருவாங்க. விரோதிக்கு விரோதி நேரம் ஒதுக்கிக்கிட்டாங்க. நேருக்கு நேர் பேசத்தான் முடியாதே, அதனால தாக்கல் சொல்ல ஒரு ஆள் வேணும், யார் மூஞ்சியப் பாத்தாலும் பாக்காட்டியும் கவலைப்படாத ஆளா வேணும், அப்படி ஊர்லயே ஒருத்தன்தான் இருந்தான், ஜெயசிங். ஆட்டோவத் தெருத்தெருவா நிறுத்தி, "எசக்கி அண்ணாச்சி ஆறு மணிக்குப் பல்லு விளக்கப் போறாராம், நீங்க வாயைக் கொப்பளிச்சிருங்க"ன்னும், "அத்தை மாவாட்டப் போறாங்களாம், வழிச்சு வைக்கிறது உங்க பொறுப்பாம்"னும் சொல்லிக்கிட்டே போனான். பன்னெண்டு வருஷமா அவன் ஆட்டோவுல ஏறாத ஊர் அவன் வாயில இருந்து ஒவ்வொரு வார்த்தையவும் பிடுங்கித் தின்னுச்சு. விரோதியே இல்லாத ரெண்டு மூணு பேரு, தங்கள யாருமே மதிக்கலையோன்னு வெக்கப்பட்டு, வலியப் போய் வம்பிழுத்து ஆளுக்கொரு விரோதிய ஏற்பாடு பண்ணிக்கிட்டாங்க.

கனி யார்கிட்டயும் சொல்லாம ஒரு காரியம் பண்ணா. மாங்காயை உப்பு மிளகாப்பொடி தொட்டு ஒரு கடி கடிச்சு, மெல்லாம நிறுத்துனா. அக்காவுக்குப் பிடிக்கும். மறுநாள் அவ கடையில உக்காந்திருக்கப்போ, தலையில ஒரு பூ இல்ல, ஆனா மல்லிகைப்பூ வாசம் ஆளைத் தூக்குச்சு. அங்க யாரோ பூவைக் கையில எடுத்துட்டு, வைக்காம நிறுத்திருக்காங்க. கனி அன்னைக்குப் பூரா ஒரு பேனர்ல நாலு பேருக்குத் தப்பான தலைய மாட்டுனா.

பச்சைக் கோடு ஓடிக்கிட்டே இருந்துச்சு. அஞ்சாம் நாள்தான் பழசு ஏற ஆரம்பிச்சுது.

போன வருஷம் பாதியில நின்ன சண்டை, மூணு வருஷத்துக்கு முந்தி முழுங்குன பேச்சு, இப்படி ஒவ்வொண்ணா வந்துச்சு. ரேஷன் கடை வரிசையில நின்ன ஒரு பொம்பள, மண்ணெண்ணெய் கேனைக் கீழ வச்சுட்டு, தன் கொழுந்தன் ஆறு வருஷத்துக்கு முன்னால சொல்ல ஆரம்பிச்சு நிறுத்துனதைத் தன் வாயாலயே முடிச்சா: "...அந்தக் கையெழுத்து அண்ணன் போட்டதில்ல, நான்தான் போட்டேன்." சொல்லிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கிட்டா. மீதி தும்மலை ஊர் தாங்கிக்கிச்சு, மீதிப் பேச்சைத் தாங்கல.

அன்னைக்கே ஊர்க் கமிட்டி கூடுச்சு. மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு ஆவுடையப்பன் சித்தப்பா வெள்ளை வேட்டி, வாய் நிறைய வெத்தலையோட கடைக்கு வந்தாரு, பின்னாலயே பென்டிரைவும் கையுமா மைதீன் பாய்.

"ஏட்டி கனி, அந்தப் பட்டியலைத் திருப்பி வை."

"வச்சா எல்லாம் நின்னுருமா சித்தப்பா?"

"நிக்கணும். ஒதுக்குனது ஒதுக்குனதா இருந்தாத்தான் ஊரு. இப்போ எவன் வாயில எவன் இருக்கான்னே தெரியல."

"கொஞ்ச நாள் போகட்டுமே."

சித்தப்பா வெத்தலைய ஒதுக்கிட்டு அவளைப் பாத்தாரு. "போகட்டும். கொடை பேனர் தென்காசிக்குப் போகட்டும். கிணத்துத் தெருவுல ஒரு வீடு இருக்கு, பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல ஒரு கடையும் சேரட்டும். பட்டியல்ல எடம் நிறைய இருக்குட்டி."

மைதீன் பாய் தலையக் குனிஞ்சுக்கிட்டு பென்டிரைவைச் சொருகுனாரு. திரையில ஒரு பெட்டி வந்து, பழைய பட்டியலைத் திருப்பி வைக்கவான்னு கேட்டுச்சு.

கனி அப்பவே கணக்குப் போட்டுட்டா. ஒரு பட்டனை அமுக்குனா, மாங்காய் போயிரும், மல்லிகை போயிரும், அக்கா திரும்பவும் மூணு தெருவுக்கு அந்தப்பக்கம் போயிருவா. அமுக்கலைன்னா கடை போயிரும், ஊர் போயிரும், நாளைக்கு அவ செத்தா தூக்க ஆள் வராது. பதினோரு வருஷத்துக்கு முன்னால அதே நாற்காலியில உக்காந்து 'கள்'ளை அழிச்சவதானே, கை தன்னாலயே மவுஸுக்குப் போச்சு.

கை போச்சு, வாய் திறந்துச்சு. கனி திறக்கல. அதுவாத் திறந்துச்சு. போன்ல பச்சைக் கோடு சரியாப் பதினோரு வருஷத்தைத் தொட்டிருந்துச்சு.

"...சாகலட்டி," கனி வாய் சொல்லுச்சு, "எங்க வீட்டு அடுக்களையிலதான் செத்தாரு, வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை யாருக்கும் தெரியாம வருவாரு, அன்னைக்கும் வந்தாரு, ரசஞ்சோறு சாப்பிட்டாரு, இன்னும் ரெண்டு அப்பளம் பொரி தாயின்னாரு, நான் எண்ணெய்ச் சட்டிப் பக்கம் திரும்பிட்டுத் திரும்புறதுக்குள்ள சாஞ்சுட்டாரு, எங்க வீட்டுல செத்தாருன்னு தெரிஞ்சா ஒருத்தன் அவர் பாடைக்குத் தோள் குடுப்பானா, நீ சொல்லு, அதான் ஒங்கத்தானும் நானும் அவரை ஆட்டோவுல பின்சீட்டுல உக்கார வச்சு, அத்தான் ஓட்ட, நான் அணைச்சுப் பிடிச்சுக்கிட்டுக் கொண்டுபோய், பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல சாய்ச்சு, தோள்ல துண்டைப் போட்டு, அவசரத்துல செருப்பைக்கூட மாத்தி மாட்டிட்டாருட்டி இவரு, சரி பண்ணலாம்னு பாத்தா ஆளுங்க வந்துட்டாங்க, எதுத்தாப்புல மறைஞ்சு நின்னு யாராவது பாக்க மாட்டாங்களான்னு பாத்துக்கிட்டே நின்னோம், மூணு மணியில இருந்து அஞ்சு மணி வரைக்கும் ஒரு ஆளு பாக்கல, சித்தப்பா மட்டும் வந்தாரு, அண்ணேன்னு கூப்பிட்டாரு, கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு."

வாய் மூடுச்சு.

கனி தன் உதட்டைத் தொட்டுப் பாத்தா, வேற யாரோட உதடோ மாதிரி இருந்துச்சு. செருப்பு. பதினோரு வருஷமா அவ தூக்கத்துல இடம் வலம் மாறிக் கிடந்த செருப்பு. அப்போ பாடையில அப்பாவை ஊர் தூக்குனது அக்கா போட்ட பிச்சை. அந்தப் பிச்சைக்கு வெலையா அக்கா தன் பேரையே விட்டுக்குடுத்துட்டு தெருமுனையில நின்னுருக்கா, இவ கதவைச் சாத்திருக்கா.

ஆவுடையப்பன் சித்தப்பா மூலையில கிடந்த ஃபிளக்ஸ் ரோல் மேல பொத்துன்னு உக்காந்தாரு. ரோல்ல அவரே கோட்டு சூட்டு போட்டு, கூலிங் கிளாஸ் மாட்டி, கொடைக்கு வருக வருகன்னு கும்பிட்டுக்கிட்டு இருந்தாரு. அவர் மூஞ்சி மேலயே அவர் உக்காந்திருந்தாரு. வெத்தலைச் சாறு கடைவாயில வழிஞ்சுது, துடைக்கல. பதினோரு வருஷமா அவர் ஊருக்குச் சொன்ன கதை ஒண்ணுதான், அண்ணன் தன்கிட்ட முகம் குடுக்கலைங்கிற கதை, அந்தக் கோவத்துலதான் ஒவ்வொரு கூட்டத்துலயும் கிணத்துத் தெரு வீட்டுக்குப் பூட்டு மேல பூட்டாப் போட்டாரு. பொணத்துக்கிட்டக் கோவிச்சுக்கிட்டு வந்த ஆளு.

"நான் கூப்பிட்டேன்ட்டி," அவர் தரையைப் பாத்துச் சொன்னாரு. "அண்ணேன்னு கூப்பிட்டேன். அந்தப் புள்ளைய நான்..."

அதோட நின்னுருச்சு. உதடு ஆடுது, சத்தம் இல்ல. மீதி எங்க போச்சுன்னு கடையில இருந்த மூணு பேருக்குமே தெரியும்.

கனி மவுஸை விட்டுட்டு எந்திரிச்சா. பெட்டி திரையில அப்படியே கேட்டுக்கிட்டு நின்னுச்சு. "பாய், நீங்க பாத்துக்கோங்க"ன்னா, எதைன்னு சொல்லல, அவரும் கேக்கல. பட்டப்பகல்ல, நாலேகால் மணிக்கு, பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, அந்தப் பெஞ்சைத் தாண்டி, டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டி நடந்தா. டீக்கடையில பாதி கிளாஸோட உக்காந்திருந்தவங்க எல்லாம் அவ எந்தத் தெருவுல திரும்புறான்னு பாத்து, மீதி டீயை மறந்தாங்க. மேலத் தெருவுல அவங்க விரோதிங்க எல்லாம் ஏன் நாக்கு வறளுதுன்னு தெரியாம முழிச்சாங்க.

கிணத்துத் தெருவுல சந்தனமாரி வாசப்படியில நின்னுக்கிட்டு இருந்தா. காதோரம் நரைச்சிருந்துச்சு. ரெண்டு கையாலயும் வாயைப் பொத்தியிருந்தா. கனியப் பாத்ததும் கையை எடுத்தா.

"ஏட்டி," பதினோரு வருஷம் கழிச்சுக் கேட்ட மொதக் கேள்வி அதுதான், "இப்ப என் வாயி 'கொன்னுட்டேன், மன்னிச்சிரு தாயி'ன்னு சொல்லுச்சு. யாருட்டி ஆரம்பிச்சது?"

"சித்தப்பா."

சந்தனமாரி அப்படியே படியில உக்காந்துட்டா. "எவரு, நம்ம சித்தப்பாவா?"

"அவருதான்."

"பொய் சொல்லாத."

"என் பேனர் மேல சத்தியமாக்கா."

அழுகை வரும்னு கனி காத்திருந்தா, வரல. ஆரம்பிச்சா மீதி யார் கண்ணுல முடியுமோங்கிற பயத்துல அது உள்ளயே நின்னுக்கிச்சு. கடைசியில அவ கேட்டதெல்லாம் இதுதான்:

"அக்கா, அப்பளம் இருக்கா?"

"அன்னையில இருந்து இந்த வீட்டுல பொரிச்சதில்லட்டி."

"ரெண்டு பொரி."

சந்தனமாரி எந்திரிச்சு உள்ள போனா. கனி, ஊர் பன்னெண்டு வருஷமாத் தாண்டாத வாசப்படியத் தாண்டி, அப்பா கடைசியா உக்காந்த அடுக்களையில, சம்மணம் போட்டு உக்காந்தா. பரண்ல கிடந்த அப்பளக் கட்டை அக்கா எடுத்து உதறுனா, தூசியும் உளுந்து மாவும் பறந்துச்சு. எண்ணெய் காஞ்சுது, அக்கா ஒரு அப்பளத்தைப் போட்டா. கனிக்கு மூக்கு அரிச்சுது.

ஹா...

அக்கா கரண்டியோட திரும்புனா.

ஹா...

ரெண்டு பேரும் அசையல. கனி தன் மூக்கைப் பாக்க முடியாம அக்கா மூக்கையே பாத்தா, அக்கா கனி மூக்கையே பாத்தா, எண்ணெய்ச் சட்டியில அப்பளம் எந்திரிக்கிறதுக்கு முந்தி மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு.

ச்சூ!

கனி மூக்குதான். முழுசா, ஆரம்பமும் முடிவுமா, கண்ணுல தண்ணி வர்ற மாதிரி, அவ மூக்குலயே வந்துச்சு.

அக்கா கையில இருந்த கரண்டி கீழ விழுந்துச்சு. அவ கனியப் பாத்தா, தன் மூக்கத் தொட்டுப் பாத்தா, அங்க ஒண்ணும் இல்ல. திரும்பவும் கனியப் பாத்தா.

"நூறு"ன்னா.